தலையில் அடிபட்ட பிறகு ஆளே மாறிப்போனால்: நியூரோ டாக்டரா, மனநல மருத்துவரா, மறுவாழ்வு மையமா, வீடா?

அண்ணனை டிஸ்சார்ஜ் செய்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு." நாங்களும் அப்படித்தான் நம்பினோம். பைக்கிலிருந்து விழுந்து, மூளைக்குள் ரத்தம் கட்டி, ஆபரேஷன் முடிந்து, இருபத்தோராம் நாள் தன் காலால் நடந்து வாசற்படி ஏறிவிட்டார். அதற்கு மேல் என்ன வேண்டும்?

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் அண்ணி அடுப்படியில் நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, ஆஸ்பத்திரியில இருந்து வேற யாரையோ கூட்டிட்டு வந்துட்டோம்."

அண்ணனுக்கு எலக்ட்ரிக்கல் கடை. எந்த சுவிட்ச் எந்த டப்பாவில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவர். விபத்துக்குப் பிறகு, இரண்டு பேர் சேர்ந்தாற்போல வந்து ஆளுக்கொன்று கேட்டால் கல்லாவைப் பூட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். மிக்ஸி ஓடும்போது பையன் சத்தமாகப் பாடம் படித்தால் தட்டு பறந்தது. "குளிங்க" என்று சொன்னால் குளிப்பார். சொல்லாவிட்டால், பேஸ்ட் வைத்த பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே பதினொரு மணிவரை திண்ணையில் இருப்பார்.

2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. எண்ணிக்கையில் நாட்டிலேயே அதிகம் நம் மாநிலம்தான். அவற்றில் தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்களின் வீடுகளில் எல்லாம் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வருகிறது: "ஸ்கேன் நார்மல்னு சொல்லிட்டாங்க, ஆனா ஆள் சரியில்ல. யார்கிட்ட போறது?" என்னிடம் இப்படிக் கேட்டவர்களுக்கு வாய்வழியாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இந்த நான்கு கதவையும் தட்டிப் பார்த்த வீட்டு ஆள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைவலி நாளுக்கு நாள் கூடுவது, வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், ஒரு பக்கம் கைகால் வலுவிழப்பது, ஃபிட்ஸ், நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று குழம்பிப் பேசுவது, இதில் எது வந்தாலும் யோசித்துத் தேர்ந்தெடுக்க நேரமில்லை. நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். அடிபட்டுச் சில வாரம் கழித்துக்கூட மூளையைச் சுற்றி ரத்தம் மெதுவாகச் சேரலாம். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அதுவரை அவரைத் தனியாக விடாதீர்கள். மாத்திரை அட்டைகள் உங்கள் கையில் இருக்கட்டும். ராத்திரி எந்நேரமும் 14416-க்கு அழைக்கலாம். அது டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், தமிழில் பேசுவார்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

நாங்கள் செய்த தப்பு, "எந்த ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரி" என்று விசாரித்துக்கொண்டே இருந்தது. கேட்டிருக்க வேண்டியவை வேறு.

காரணம் தெரியவருமா? ஒரே கோபத்துக்குப் பின்னால் நான்கு விதமான காரணங்கள் இருக்கலாம். உடல் காரணம்: ரத்தக்கசிவு, வெளியில் தெரியாத ஃபிட்ஸ், ரத்தத்தில் சோடியம் குறைவது, பிட்யூட்டரி சுரப்பி அடிபட்டு தைராய்டு போன்ற ஹார்மோன்கள் இறங்குவது. மருந்து காரணம்: கொடுக்கிற மாத்திரையே எரிச்சலைக் கிளப்புவது. காயமே காரணம்: மூளையின் நெற்றிப்பகுதியில் அடிபட்டால் அடக்கிக்கொள்ளும் சக்தியும், தானாக ஒரு வேலையைத் தொடங்கும் சக்தியும் குறையும். கடைசியாக மனம்: மனச்சோர்வு, பதற்றம், விபத்து நினைவு திரும்பத் திரும்ப வருவது. பெரும்பாலும் இவை தனித்தனியாக வராது, கலந்துதான் வரும்.

எத்தனை மாதம் தொடர முடியும்? இது ஒரு முறை காட்டிவிட்டு வரும் வியாதி இல்லை. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் போக வேண்டியிருக்கும்.

அவர் வருவாரா? "எனக்கு ஒண்ணும் இல்ல, உங்களுக்குத்தான் பைத்தியம்" என்று அண்ணன் சொன்னபோது பொய் சொல்வதாக நினைத்தோம். தன் மாற்றத்தைத் தானே கவனிக்கிற திறனும் மூளையின் வேலைதான். அது அடிபட்டால் தன்னிடம் குறை இருப்பதே தெரியாது. இது புரிந்த பிறகுதான் அவரோடு சண்டை போடுவதை நிறுத்தினேன்.

கூட இருப்பவர் தாங்குவாரா? எல்லோரும் விட்டுவிடும் கேள்வி இது. எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் கடைசியில் தீர்மானித்ததும் இதுதான்.

| வழி | காரணம் தெரிய | தொடர்ந்து போக | அவரை வரவைக்க | கூட இருப்பவருக்கு |
|---|---|---|---|---|
| ஆபரேஷன் செய்த டாக்டர் | உடல் காரணத்துக்கு மிக நல்லது | இடைவெளி அதிகம் | எளிது | உதவி குறைவு |
| உள்ளூர் மனநல மருத்துவர் | மனம், மருந்து இரண்டுக்கும் நல்லது | மிக எளிது | கஷ்டம் | கேட்டால் கிடைக்கும் |
| மறுவாழ்வு மையம் | எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் | தூரம், செலவு | ஓரளவு எளிது | இங்கேதான் அதிகம் |
| வீட்டில் பொறுத்திருப்பது | தெரியாது | முடியும், ஒரு எல்லைவரை | கேள்வியே இல்லை | எல்லாப் பாரமும் அவர் தலையில் |

## 1. ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போவது

எல்லோரும் முதலில் செய்வது இதுதான். அதில் நியாயமும் உண்டு. பழைய ஸ்கேன், ஆபரேஷன் விவரம் எல்லாம் அவரிடம் இருக்கிறது. "தலைக்கு செக்கப்" என்று சொன்னால் அடிபட்டவரும் முரண்டு பிடிக்காமல் வருவார். மாற்றம் திடீரென்று வந்திருந்தாலும், நன்றாகத் தேறிக்கொண்டிருந்தவர் பின்னால் போயிருந்தாலும், ஃபிட்ஸ் சந்தேகம் இருந்தாலும் இதுதான் சரியான கதவு. சோடியம், தைராய்டு பரிசோதனையும் கேளுங்கள். ஹார்மோன் குறைந்து சோர்ந்து கிடப்பவரை மனச்சோர்வு என்று எண்ணிவிட வாய்ப்புண்டு.

ஆனால் இந்தக் கதவின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். நாங்கள் போனபோது அந்த மருத்துவமனையில் டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரத்தமெல்லாம் கரைஞ்சிருச்சு, நல்லா இருக்கார்" என்றார். அண்ணி வாய் திறப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். ரத்தம் கரைந்தது உண்மை. ஆனால் தலை குலுங்கியபோது மூளைக்குள் நரம்பிழைகள் இழுபட்டு அறுந்திருந்தால், சாதாரண சி.டி. ஸ்கேனில் அது பெரும்பாலும் தெரியாது. "ஸ்கேன் நார்மல்" என்றால் ஆபரேஷன் செய்ய இப்போது ஒன்றும் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே மறைந்திருக்கும் செலவு காலம். "அடுத்த செக்கப்பில் கேட்போம்" என்று நாங்கள் ஐந்து மாதத்தைத் தொலைத்தோம்.

## 2. பக்கத்தில் இருக்கும் மனநல மருத்துவர்

நான் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவதானால் இங்கேதான் தொடங்குவேன்.

தலைக்காயத்துக்குப் பின் மனச்சோர்வு என்பது எவ்வளவு சாதாரணம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், தலைக்காயத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 559 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். 2010-ல் வெளியான அந்த ஆய்வின்படி, அந்த ஓராண்டுக்குள் 53 சதவீதம் பேருக்குத் தீவிர மனச்சோர்வு வந்திருந்தது. அப்படி வந்தவர்களில் அதற்கென மருந்தோ ஆலோசனையோ கிடைத்தது 44 சதவீதம் பேருக்குத்தான். வசதியுள்ள ஊரிலேயே பாதிப்பேருக்கு மேல் விடுபட்டுப்போகிறார்கள் என்றால் நம் ஊரில் கேட்கவே வேண்டாம். இத்தனைக்கும் இது மருந்துக்கும் பேச்சுவழிச் சிகிச்சைக்கும் கட்டுப்படுகிற பிரச்சினை.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அண்ணனை நாங்கள் அழைத்துப்போனபோது, மனநல மருத்துவர் முதலில் எதுவும் கேட்கவில்லை. "சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் மேஜையில் வையுங்க" என்றார். அண்ணி மஞ்சப்பையைக் கவிழ்த்தார். ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்தவர், ஃபிட்ஸ் வராமல் இருக்கக் கொடுத்திருந்த லெவெடிராசெட்டம் அட்டையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, "கோபம் இதுக்கு முன்னாடியே இருந்ததா, பின்னாடியா?" என்று கேட்டார். எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. தலைக்காயத்துக்குப் பின் பரவலாகக் கொடுக்கப்படும் நல்ல மருந்துதான் அது. ஆனால் சிலருக்கு எரிச்சலையும் மனச்சோர்வையும் கொண்டுவரும் என்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. அவர் நியூரோ டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். இருவரும் பேசி, படிப்படியாக வேறு மருந்துக்கு மாற்றினார்கள். சில வாரத்தில் தட்டு பறப்பது நின்றது. கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனால் பையன் மறுபடியும் கூடத்தில் உட்கார்ந்து படித்தான்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஃபிட்ஸ் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கேள்வியைக் கேளுங்கள், முடிவை டாக்டர் எடுக்கட்டும்.

உள்ளே போனதும் சொல்ல வேண்டிய முதல் வரி, "இவருக்குத் தலையில் அடிபட்டிருக்கு." அதை முதலிலேயே சொல்ல வேண்டியதற்குக் காரணம் உண்டு. அடிபட்ட மூளை மருந்துக்குச் சட்டென்று அசந்துபோகும். அதனால் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகத்தான் கூட்டுவார்கள். சில மருந்துகள் ஃபிட்ஸ் வரும் வாய்ப்பைக் கூட்டும். தூக்க மாத்திரை வகைகள் ஞாபகத்தையும் கவனத்தையும் இன்னும் மந்தமாக்கலாம். ஆள் அமைதியாகிவிட்டார் என்று நாம் சந்தோஷப்படும்போது, அது அமைதியா மயக்கமா என்று பாருங்கள். பகல் முழுக்கத் தூங்கினால் அடுத்த முறைவரை காத்திருக்காமல் போய்ச் சொல்லுங்கள்.

மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்தும் இலவசம். தனியாரிடம் போவதைவிட அதுவே நிலைக்கும் என்பது என் எண்ணம். காப்பீடு வைத்திருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல் நோய்க்குச் சமமாக மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும்.

இந்தக் கதவின் மறைந்த செலவு ஊர் வாய். "மென்டல் டாக்டர்கிட்ட போறாங்களாம்" என்ற பேச்சு வரும். பெண் கொடுக்கல் வாங்கல்வரை அது போகும் என்று அப்பா பயந்தார். அண்ணனும் வர மறுத்தார். "தூக்கம் வரலைன்னு சொல்லுங்க, அதுக்கு மட்டும் காட்டலாம்" என்று அண்ணி சொன்னதும் வந்தார். தூக்கம் உண்மையிலேயே கெட்டிருந்ததால் அது பொய்யும் இல்லை. அவருக்கே தொந்தரவாக இருக்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டு அழைத்துப்போவதுதான் வழி.

## 3. மறுவாழ்வு மையம்

மருந்தால் மனச்சோர்வு தெளியும், ஃபிட்ஸ் அடங்கும். இரண்டு வாடிக்கையாளரை ஒரே நேரத்தில் சமாளிக்கும் திறன் மருந்தால் வராது. அதற்குப் பயிற்சி வேண்டும்.

வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் இருக்கிறது. 1954-ல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் உழைப்பில் 1966-ல் தொடங்கியது அது. அதே பாகாயத்தில்தான் அவர்களுடைய மனநல மையமும் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தினரும் தங்கிக் கற்றுக்கொள்வது அங்கே நெடுங்கால வழக்கம். பெங்களூருவில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல, நரம்பியல் மருத்துவமனையில் நரம்பியல், மனநலம், உளவியல், மறுவாழ்வு எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது.

இங்கே கிடைப்பவற்றில் பெரிது, நரம்பியல் உளவியல் மதிப்பீடு. கவனம், ஞாபகம், திட்டமிடுதல், அடக்கிக்கொள்ளுதல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிப்பார்கள். பல மணி நேரம் ஆகும், ஒரே நாளில் முடியாமலும் போகும். அண்ணனுக்கு ஞாபகம் கிட்டத்தட்ட நன்றாகவே இருக்கிறது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதுதான் முடியவில்லை என்று அதில்தான் தெரிந்தது. பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது சோம்பேறித்தனம் இல்லை என்றும் அங்கேதான் சொன்னார்கள். மனச்சோர்வில் இருப்பவருக்கு உள்ளே வேதனை இருக்கும். தானாகத் தொடங்கும் சக்தி போனவருக்குப் பெரும்பாலும் வேதனை இருக்காது, தூண்டுதல்தான் வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், வைத்தியம் வேறு. செல்போனில் ஏழு மணிக்குப் பல், ஏழேகாலுக்குக் குளியல் என்று அலாரம் வைத்த பிறகு, அண்ணி ஒரு நாளைக்குச் சொல்ல வேண்டிய வார்த்தைகள் பாதியாகக் குறைந்தன.

இன்னொரு பயனும் உண்டு. விபத்து இழப்பீட்டு வழக்கு நடக்கிறது என்றால், கைகால் நன்றாக இருக்கும் ஒருவரால் ஏன் வேலை பார்க்க முடியவில்லை என்று தீர்ப்பாயத்துக்குக் காட்ட எழுத்தில் இருக்கும் ஆதாரம் இந்த மதிப்பீட்டு அறிக்கைதான். வக்கீலிடம் அதைக் கொடுங்கள்.

செலவு என்று பார்த்தால் சிகிச்சைக் கட்டணத்தைவிட மற்றதுதான் கொல்லும். இரண்டு பேர் பயணம், லாட்ஜ், சாப்பாடு, கடை மூடியிருக்கும் நாட்கள், விடியற்காலையில் இருந்து வரிசையில் நிற்பது. கூட்டமும் சத்தமும் தாங்காத ஒருவரை அங்கே அழைத்துப்போவது தனிப் பாடு. காதில் பஞ்சு வைத்து, சுவர்ப்பக்கம் உட்காரவைத்தோம். விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவும் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இந்தக் கட்டத்துக்கு வராது. வெளிமாநிலம் போவதானால் தமிழில் சோதிப்பவர் இருப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். மொழி புரியாமல் தப்பாகச் சொன்னால் ஞாபகக் குறை என்று பதிவாகிவிடும்.

யாருக்கு இது? நாட்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தவர்களுக்கு, பழைய வேலைக்கோ படிப்புக்கோ திரும்ப முயன்று முடியாதவர்களுக்கு. அடிபட்ட இரண்டாம் வாரமே ஓட வேண்டாம். நிலைமை கொஞ்சம் படியட்டும். அதே சமயம் இரண்டு வருடம் ஆகிவிட்டதே என்று கைவிடவும் வேண்டாம். முன்னேற்றம் முதல் ஆறு மாதத்தில் வேகமாகவும் அதற்குப் பிறகு மெதுவாகவும் நடக்கும், நின்றுவிடாது.

## 4. வீட்டிலேயே பொறுத்திருப்பது

லேசான அடி, ஸ்கேனில் ஒன்றும் இல்லை, சில நிமிடம் மட்டும் தலைசுற்றல் அல்லது மயக்கம் என்றால் இதுவே சரியான வைத்தியம். தலைவலி, எரிச்சல், தூக்கக் கோளாறு எல்லாம் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில், அதிகம் போனால் மூன்று மாதத்தில் தானாகவே வடியும். நன்றாகத் தூங்கவைத்து, வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் போதும். மூன்று மாதம் தாண்டியும் இருந்தால் இரண்டாவது கதவைத் தட்டுங்கள்.

பெரிய அடி என்றால் வீடு மட்டும் போதாது. ஆனால் எந்தக் கதவுக்குப் போனாலும் வீட்டில் செய்ய வேண்டியவை அப்படியேதான் இருக்கும். டி.வி. ஓடும்போது மிக்ஸி வேண்டாம். ஒரு நேரத்தில் ஒருவர் பேசட்டும். தூங்கி எழும் நேரம் மாற வேண்டாம். டாக்டர் சொல்லும்வரை பைக் சாவி அவர் கைக்குப் போகக் கூடாது. குடி அறவே கூடாது. அடிபட்ட மூளை கொஞ்சம் சாராயத்தையும் தாங்காது, ஃபிட்ஸும் வரலாம்.

கோயில், தர்கா பற்றியும் சொல்லியாக வேண்டும். அம்மா விளக்குப் போட்டார், தாயத்து கட்டினார். அதில் ஒரு தப்பும் இல்லை, அம்மாவுக்கு அது தெம்பு. ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அங்கே கொண்டுபோய் விடச் சொன்னவர்களுக்கு நாங்கள் இணங்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவுக்கு அருகே இருந்த ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்ததால் ஓடமுடியாமல் 28 பேர் கருகினார்கள். இன்று சங்கிலியால் கட்டுவதே சட்டப்படி குற்றம். அதே ஏர்வாடியில் பிற்பாடு தர்காவிலேயே மனநல மருத்துவர்கள் உட்கார்ந்து, துவாவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. நம்பிக்கையை விடாமல் வைத்தியமும் பார்க்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

செலவே இல்லாதது போலத் தெரியும் இந்த வழியில்தான் மறைந்த செலவு மிக அதிகம். அண்ணி ஆறு மாதத்தில் ஒன்பது கிலோ இளைத்தார். அவருக்கு ரத்த அழுத்தம் வந்ததை, அண்ணனுக்காகப் போன ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் கவனித்துச் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அதன் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை முழுதும் நான் அண்ணனைப் பார்த்துக்கொள்வது, அண்ணி அம்மா வீட்டுக்குப் போய்த் தூங்குவது என்று வைத்தோம்.

## சரி, எந்த வரிசை?

திடீர் மாற்றம் என்றால் 1. மெல்ல மெல்ல வந்த கோபம், அழுகை, பயம், தூக்கமின்மை என்றால் 2, அதுவும் இந்த வாரமே. மனம் ஓரளவு தெளிந்த பிறகும் வேலை பிடிபடவில்லை என்றால் 3, உள்ளூர் மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு. அங்கே கற்றுக்கொண்டதை உள்ளூரில் தொடருங்கள். தூரத்தில் இருக்கும் மையத்துக்கு வருடம் இரண்டு முறை போனால் போதும், மாதாமாதம் போக யாராலும் முடியாது. எங்கே போனாலும் ஒருவர் எழுதுவதை இன்னொருவர் பார்க்கும்படி எல்லாச் சீட்டும் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், எல்லா மாத்திரை அட்டைகளும், ஒரு நாற்பது பக்க நோட்டும். நோட்டில் தேதி போட்டு என்ன நடந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று இரண்டு வரி. அவர் முன்னால் வைத்துக் குறை சொல்ல வாய் வராதபோது அந்த நோட்டை நீட்டினால் போதும்.

அண்ணியின் நோட்டில் முதல் பக்கங்கள் முழுக்கத் தட்டு, கத்தல், அழுகை. பதினாலாம் மாதப் பக்கத்தில் ஒரே வரிதான் இருக்கிறது: "காலைல பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும் கடை. ஒருத்தர் ஒருத்தரா வாங்கனு சொல்லி வியாபாரம் பாத்தாரு."